அலை வந்தால் எண்ணூர் கழிமுகம் சுத்தமாகிவிடுமா?

“எண்ணூரில் தினம் இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது, ஆற்று அழுக்கெல்லாம் கடலுக்குப் போய்விடும், தண்ணீர் தெளிந்திருந்தால் பயமில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, இரண்டு முறை வருவது சரிதான். ஆனால் சென்னைக் கரையில் அதன் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அதுவும் குறையும். இறங்கிய அழுக்கில் ஒரு பங்கு அடுத்த ஏற்றத்தில் திரும்பி உள்ளே வரும்.

அப்புறம் உப்பின் வேலை. ஆற்று நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் உப்பு நீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். அதில் ஒட்டிய உலோகங்களும் கூடவே இறங்கும். மேலே தண்ணீர் தெளிகிறது, அழுக்கு சேற்றில் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் அங்கேதான் படிகிறது. கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்களிடம் கேளுங்கள், தெரியும்.

கழுவிவிட நல்ல தண்ணீர் வேண்டும். எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்று நீரை 1944 முதல் பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகத் தேக்குகிறது. மழைக்காலம் தவிர கீழே வருவது சொற்பம்.

வெள்ளம் வந்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலிப் பக்கமிருந்து எண்ணெயைத்தான் கொண்டுவந்தது. அலையாத்தி மரங்களின் வேரிலும் படகுகளிலும் கறுப்பாக அப்பியதை அலை கழுவவில்லை. ஆட்கள் இறங்கித்தான் அள்ளினார்கள்.