ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மேப்பை விரித்துப் பாருங்கள்

பொங்கல் நெருங்குகிறது. பெங்களூரில் அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கிற நம் ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு சேலம், மதுரை, திருநெல்வேலி என்று கிளம்பப் போகிறார்கள். போனை டாஷ்போர்டில் மாட்டி, ஊர்ப் பெயரை அடித்து, அது திரும்பு என்கிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே போவார்கள். போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த வழியாகப் போவது என்கிற முடிவை மட்டும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். அந்த முடிவை எடுப்பதற்கு ஒரு காகித மேப் உதவுகிற அளவுக்கு வேறெதுவும் எனக்கு உதவியதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு டிடிகே ரோடு மேப் வைத்திருந்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் ஒட்டிய செலோடேப் பழுப்பேறிப் போயிருக்கும். தருமபுரி சரியாக மடிப்பில் மாட்டிக்கொண்டதால் அந்த எழுத்தே தேய்ந்து அழிந்துவிட்டது. அப்பா பேனாவால் திரும்ப எழுதி வைத்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைக் கூடத்தில் விரிப்பார், நாங்கள் சுற்றி உட்காருவோம். "கிருஷ்ணகிரியில ரோடு எப்படிப் பிரியுது பாரு, இது மெட்ராஸுக்கு, இது திருவண்ணாமலைக்கு, நாம இப்படி நேரா கீழ போறோம்" என்று விரலை வைத்து நகர்த்துவார். மறுநாள் வண்டி கிருஷ்ணகிரிக்குள் நுழையும்போது எங்களுக்கு அந்த ஊர் ஏற்கெனவே தெரியும். இன்றைக்கு என் பெண் சின்ன வயதிலிருந்தே மதுரைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் கிருஷ்ணகிரிக்கு அடுத்து என்ன ஊர் என்று கேட்டால் முழிக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பார்த்ததெல்லாம் ஒரு நீலக் கோடும் "இன்னும் இத்தனை மணி நேரம்" என்கிற எண்ணும்தான்.

நேரம் என்கிற அந்த ஒரு எண்ணை வைத்தே எல்லா வழியையும் எடை போடுவதுதான் எனக்குப் பிரச்சினை. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் வழியாக ஒன்று, கனகபுரா, கொள்ளேகால், சாமராஜநகர், சத்தியமங்கலம் வழியாக இன்னொன்று என்று போன் இரண்டு கோடுகளைக் காட்டும், பக்கத்தில் நேர வித்தியாசத்தைப் போடும், நாம் குறைவாக இருப்பதைத் தொட்டுவிடுவோம். அதே இரண்டு வழியையும் விரித்த மேப்பில் பாருங்கள். இரண்டாவது வழி ஒரு பெரிய பச்சைத் திட்டுக்குள் நுழைந்து, புழுவாக நெளிந்து, பண்ணாரியில் வெளியே வருகிறது. அந்த நெளிவுதான் திம்பம், 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பச்சைதான் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பச்சையைப் பார்த்ததுமே 'இந்தக் காட்டுக்குள் ராத்திரி விடுவார்களா' என்று கேட்கத் தோன்றும் இல்லையா? நேர வித்தியாசத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி வருவதில்லை.

போன வருடம் ஒகேனக்கல் போய்விட்டுத் திரும்பும்போது நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்தோம். நான்தான் ஓட்டினேன். போன் அதைச் சாதாரண ரோடு மாதிரிதான் காட்டியது, நெரிசல் இல்லாததால் சுத்தமான நீல நிறத்தில். ஆனால் காலையில் மேப்பைப் பார்த்தபோதே அஞ்செட்டியைச் சுற்றி முழுக்கக் காடு என்று தெரிந்துவிட்டதால், பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடையில் இருந்த அம்மாவிடம், "தேன்கனிக்கோட்டை ரோட்டுல இப்போ போலாமாம்மா?" என்று கேட்டேன். "ஏம்மா, புள்ளைய வச்சிக்கிட்டு இந்நேரத்துக்கா? ஆனை ரோட்டுக்கு வர்ற நேரம் இது. கொஞ்சம் இரு, பஸ்ஸு வரும். அது பின்னாடியே போயிரு, முந்தாத" என்றார். இருந்தோம். பஸ் வந்தது, பின்னாலேயே போனோம். பாதி தூரத்தில் பஸ் சட்டென்று நின்றது. டிரைவர் விளக்கைத் தணித்தார், நானும் தணித்தேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெரிய யானையும் அதன் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டியும் ரோட்டைக் கடந்தன. குட்டி நடு ரோட்டில் நின்றது, பெரியது தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு போனது. பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் இல்லை. பஸ்ஸை முந்திப் போகாதே என்கிற அறிவுரையை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லியிருக்காது, அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற வைத்தது காலையில் பார்த்த அந்தப் பச்சை நிறம்.

ஜிபிஎஸ்ஸைத் திட்டுகிறவர்கள் பலர் எதைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ்ஸுக்கு ரோடே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, நம் போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கிக் கணக்குப் போட்டு, நாம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அதற்கு நெட் கூடத் தேவையில்லை. அந்த இடத்தைச் சுற்றி என்ன ரோடு, எதில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் மேப் கம்பெனியின் வேலை. நாம் முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் அதற்குத்தான் நெட் வேண்டும், டவர் இல்லாத காட்டில் திரை வெள்ளையாகிப் போவது அதனால்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, 2000 மே மாதத்தில்தான் அதை எடுத்தார்கள். காருக்கெல்லாம் இது உருப்படியாகப் பயன்பட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஜிபிஎஸ் மாதிரியே இந்தியாவுக்கென்று இஸ்ரோ நடத்துகிற நாவிக் திட்டத்துக்கான மையம்கூட இங்கே மைசூர் ரோட்டுப் பக்கம் பியாலாலுவில்தான் இருக்கிறது. இருக்கிற இடத்தைச் சொல்கிற வேலையை இந்தத் தொழில்நுட்பம் அற்புதமாகச் செய்கிறது. மேலே கீழே என்று வந்தால்தான் தடுமாறும். எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவரில் போகிறவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்கு நாம் மேலே போய்க்கொண்டிருப்போம், அது கீழே இருக்கிற ரோட்டில் போவதாக நினைத்துக்கொண்டு 'இடதுபுறம் திரும்புங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம் நடந்தது நினைவிருக்கும். ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது, போனில் வழி காட்டியதை நம்பிப் போன கார் விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். கையில் காகித மேப் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். அச்சடித்த மேப்புக்கும் பாலம் உடைந்தது தெரியாது. அந்த ரோட்டைச் சரியாக அடைத்து வைக்காத அதிகாரிகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் எந்த மேப்பாக இருந்தாலும் அது ஒரு நாள் யாரோ பார்த்து எழுதியது என்கிற நினைப்பு காகிதத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இருக்கும், ஏனென்றால் ஓரத்தில் அச்சடித்த வருடம் போட்டிருக்கும். போனில் அப்படி ஒரு வருடம் இல்லை. எல்லாமே இந்த நிமிடத்தின் உண்மை மாதிரித் தெரிகிறது. அது ஆபத்தான தோற்றம்.

காகிதத்துக்கும் வயதாகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்பாவின் மேப்பில் நம் சேலம் ரோடு என்எச் 7. 2010இல் எண்களையெல்லாம் மாற்றியதில் அது 44 ஆகிவிட்டது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்குப் போகிற ரோடு அதில் ஒரு மெல்லிய கோடு, இன்று அது என்எச் 844. ஆகவே பழைய மேப்பை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனியாக வண்டி ஓட்டுகிற பெண்ணுக்கு, ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் கண்ணாடியை இறக்கி யாரோ ஒரு ஆளிடம் வழி கேட்க வேண்டாம் என்பது பெரிய விடுதலை. "எல்லாம் கேட்டுக் கேட்டுப் போன காலம்" என்று உருகுகிற அண்ணன்மார்கள் இதை யோசிப்பதில்லை. கர்நாடகத்துக் கிராம ரோடுகளில் பலகைகள் பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். பேசுகிற அளவுக்குக் கன்னடம் தெரிந்து, படிக்கத் தெரியாத நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தக் குரல் பெரிய துணை. ஏழாவது கிராஸ், நாலாவது மெயின் என்று பேட்டைக்குப் பேட்டை திரும்பத் திரும்ப வருகிற இந்த ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கும் போன்தான் வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் பண்டிகைக்கு முந்தின ராத்திரி அத்திப்பள்ளியில் நெரிசல் என்றதும் அது செய்கிற வேலையைப் பாருங்கள். எல்லா வண்டியையும் சர்ஜாபூர், பாகலூர் பக்கமோ, ஆனேக்கல், தளி பக்கமோ திருப்பிவிடும். ஒரே நேரத்தில் ஒரே யோசனையை எல்லோருக்கும் சொன்னால் என்ன ஆகும்? பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத் தெருவில் கேஏ நம்பர் கார்கள் வரிசையாக நிற்க, எதிரே கோஸ் ஏற்றி வந்த டெம்போ முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கட்டிலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து அதை ஓரமாக இழுத்துப் போட்டார், கார்கள் போவதற்காக. அந்தத் தெரு அவருடையது. நம் அவசரத்துக்கு அவர் தூக்கம் ஏன் கெட வேண்டும்?

சரி, மேப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மத்திய அரசின் நில அளவை நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியா தன் 1:50,000 அளவு வரைபடங்களை இணையத்தில் கொடுக்கிறது, வேண்டிய தாளை இறக்கி, வீட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளலாம். வில்லியம் லாம்டன் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை பக்கத்தில் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்த அந்தப் பெரிய நில அளவையை முடித்த நிறுவனம்தான் இது. அதற்கு முன்பே 1800இல் நம் பெங்களூர்ப் பக்கமும் அவர் அளந்திருக்கிறார். இந்தத் தாள்களில் சம உயரக் கோடுகள் இருக்கும், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து. தொப்பூர் கணவாயை அதில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சேலம் போகும் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஏன் அப்படி வந்து மோதுகின்றன என்று புரியும், கியரைக் குறைத்துக்கொண்டு தானாகவே இடதுபுறம் ஒதுங்கி இறங்குவீர்கள். போன் அங்கே நேர்கோடு மாதிரி ஒன்றைத்தான் காட்டும்.

நாங்கள் இந்தத் தடவை ராயக்கோட்டை வழியாகத்தான் போகிறோம், பகலில். கிருஷ்ணகிரி நெரிசலைத் தவிர்க்கலாம், சேலம் ரயில் பாதை பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே போகிறது என்பதால் என் பெண்ணுக்கும் பார்த்துக்கொண்டு வர ஏதாவது இருக்கும். ஊர்ப் பெயர்களை அவளே நோட்டில் எழுதி வைத்துவிட்டாள். மைசூர் வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை வைத்துக் கிளம்புகிற நேரத்தை முடிவு செய்யுங்கள், இ-பாஸும் எடுத்துவிடுங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து அனுமதி கிடையாது, ராமநகரம், மண்டியா வழியாகப் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.