பழைய டேப்லெட்டும் ஒரு துண்டுச்சீட்டும்

டேப்லெட்டை மாற்றலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டேன். வந்த வழி கொஞ்சம் கோணல்மாணல் என்பதால் எழுதிவைக்கிறேன்.

என்னிடம் இருப்பது வாங்கி எட்டு வருடம் ஆனது. எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். 2 ஜிபி ராம் (செயலிகள் ஓடும்போது பிடித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்), 32 ஜிபி ஸ்டோரேஜ். பின்பக்கம் முழுக்கக் கீறல், ஒரு மூலையில் நசுங்கல். ஆனால் திரையில் ஒரு புள்ளி குறையில்லை. அதுதான் சிக்கலே. உடைந்துபோயிருந்தால் மறுநாளே போய் வேறு வாங்கியிருப்பேன். உடையாததை மாற்றத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லோரையும் போல ராத்திரி உட்கார்ந்து விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் என் கையில் இருப்பது இன்னும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது போலத் தோன்றும். அந்த வீடியோ அத்தனையையும் அதே பழசில்தான், எங்கும் திக்காமல், பார்த்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

தம்பியைக் கேட்டேன். "அக்கா, வாங்குறதே வாங்குற, பெரிசா ஒண்ணு வாங்கிடேன். பத்து வருஷத்துக்குத் தொந்தரவு இல்ல" என்றான். இந்த "வாங்குறதே வாங்குற" என்ற ஒரு வார்த்தை எத்தனை பேர் பர்ஸைக் காலி செய்திருக்கிறதோ தெரியாது. வீட்டுக்காரர் வேறு மாதிரி. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இதுல என்ன வரல? அதுல என்ன வரும்?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அந்தக் கடுப்பில்தான் ஒரு துண்டுச்சீட்டை உறையின் உள்பக்கம் ஒட்டினேன். டேப்லெட் எரிச்சல் மூட்டும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு வரி. யோசித்து எழுதக் கூடாது, அந்த நொடியில் எழுத வேண்டும். பதினைந்து நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் 23 வரி. அதில் 14 வரி ஒரே விஷயம்: "திரும்பி வந்தால் முதல் பக்கம்." ஐந்து வரி சார்ஜ். மூன்று வரி இடம் போதவில்லை. மீதி ஒன்று "கேபிளைக் காணோம்." அதற்கு டேப்லெட் என்ன செய்யும்?

மெல்லிசாக இல்லை, கேமரா சரியில்லை, கேம் திக்குகிறது என்றெல்லாம் ஒரு வரிகூட இல்லை. நான் வீடியோவில் பார்த்துப் பார்த்து ஏங்கியதெல்லாம் இவைதான்.

அந்த 14 வரிதான் முழுக் கதையும். நான் டேப்லெட்டில் அதிகம் செய்வது ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைப் படிப்பது. 900, 1,000 பக்கம் போகும் பிடிஎஃப். 612ஆம் பக்கத்தில் ஒரு சொல் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரௌசரைத் திறந்து அகராதியில் தேடுகிறேன். கிடைத்தது. திரும்பி வருகிறேன். ஒரு நொடி வெறும் வெள்ளை. அப்புறம் செயலி புதிதாகத் திறந்து புத்தகத்தின் அட்டையைக் காட்டுகிறது. மறுபடி 612ஐத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் சொல்லுக்கு என்ன பொருள் என்பது மறந்துவிடும். சரி, பிரௌசருக்குப் போய் இன்னொரு முறை பார்க்கலாம் என்றால், அதுவும் பக்கத்தை முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஒரே சொல்லுக்காக இப்படி மூன்று நடை நடந்தேன். கடைசியில் அலமாரியிலிருந்து அச்சு அகராதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இதைத்தான் "ஸ்லோ" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டு புது ப்ராசசர் தேடிக்கொண்டிருந்தேன். ப்ராசசர் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. குறை ராமில். ஸ்கேன் பக்கம் ஃபைலுக்குள் சுருக்கி மடித்துத்தான் இருக்கும். ஆனால் ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தோடு முழுசாக விரித்தால் 2,480க்கு 3,508 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட், ஆக கிட்டத்தட்ட 35 எம்பி. படிக்கிற செயலி முன்னால் பின்னால் உள்ள பக்கங்களையும் தயாராக வைத்திருக்கும். இருப்பதே 2 ஜிபி. சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். அந்த நேரத்தில் பிரௌசர் வந்து இடம் கேட்டால், கண்ணில் படாமல் பின்னால் நிற்கும் செயலியை சிஸ்டம் சத்தமில்லாமல் மூடிவிடும். கம்ப்யூட்டராக இருந்தால் ராம் நிறைந்ததும் கொஞ்சத்தை டிஸ்கில் ஒதுக்கிவைத்துச் சமாளிக்கும். ஐபேடில் அந்த ஏற்பாடு வந்ததே 2022இல், அதன் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 16 வந்தபோதுதான். அதுவும் ஆப்பிளின் எம்1 சிப்பிலிருந்து தொடங்கும் சில மாடல்களுக்கு மட்டும். இத்தனைக்கும் பல மாடல்களின் விவரப் பக்கத்தில் ராம் எவ்வளவு என்றே போடுவதில்லை. எனக்கு வேண்டிய ஒரே எண் அதுதான். அதை வேறு எங்காவது போய்த்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் தேடிப் பார்த்தேன். படிப்பவளுக்கு எழுத்து எவ்வளவு துல்லியம், கையில் எவ்வளவு கனம் என்பவைதான் முக்கியம். 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் தலைமுறை ஐபேடின் திரையில் அங்குலத்துக்கு 264 புள்ளி. 2025இல் வந்த சாதாரண ஐபேடிலும் அதே 264. விலை உச்சியில் இருக்கும் ஐபேட் ப்ரோவிலும் அதேதான். எடை? 2013இன் முதல் ஐபேட் ஏர் 469 கிராம், 2025இன் சாதாரண ஐபேட் 477 கிராம். திரை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தடிமன் கதை வேறு. 2010இன் முதல் ஐபேட் 13.4 மி.மீ., 2024இன் 13 அங்குல ப்ரோ 5.1 மி.மீ. பிரமாதம்தான். ஆனால் எல்லோரையும் போல நானும் அதை ஒரு தடித்த உறைக்குள் போட்டுத்தான் வைக்கப்போகிறேன்.

ஆக, என் கண்ணுக்கும் கைக்கும் பன்னிரண்டு பதின்மூன்று வருடமாகப் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. மாறியதெல்லாம் உள்ளே.

சார்ஜ் விஷயம் சுலபம். ஐபேட் பேட்டரி 1,000 முழு சார்ஜுக்குப் பிறகும் முதல் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் டேப்லெட்டுகளுக்குக் கொண்டுவந்த விதியில் 800 முறை, அதே 80 சதவீதம். இன்று பாதி நாளை பாதி ஏற்றினால் இரண்டும் சேர்த்து ஒரு முறை என்று கணக்கு. வாரத்துக்கு மூன்று முறை என்றால் வருடத்துக்கு 156, எட்டு வருடத்தில் 1,248. என்னுடையது தன் கடமையை எப்போதோ முடித்துவிட்டது. பேட்டரி மட்டும் மாற்றலாமா என்று விசாரித்தேன். மாற்றலாம். ஆனால் பெரும்பாலான டேப்லெட்டில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், திரையைச் சூடாக்கிப் பெயர்த்துத்தான் உள்ளே போக வேண்டும். ராம் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்றிவிட்டு இந்தப் பதிவையே எழுதாமல் விட்டிருப்பேன். ராமைத்தான் மாற்ற வழியில்லை, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறது. (சும்மா ஒரு வார்த்தை: திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு வருவதாகத் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.)

இடப் பற்றாக்குறை என் சோம்பேறித்தனம். பார்த்து முடித்த வீடியோக்களை அழித்ததும் 9 ஜிபி கிடைத்தது. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தால் டேப்லெட் நிஜமாகவே மெதுவாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷ் நினைவகத்தில் அழித்த இடத்தைச் சுத்தம் செய்துதான் மறுபடி எழுத முடியும். 2012இன் நெக்ஸஸ் 7 (கூகுளின் டேப்லெட்) வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், சில மாதத்திலேயே ஆமையாகிவிட்டது. அழித்த இடத்தை அவ்வப்போது பெருக்கிவைக்கும் வேலை 2013இல் ஆண்ட்ராய்டு 4.3 அப்டேட்டோடு வந்தது. அதன் பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

துண்டுச்சீட்டில் வராத விஷயம் ஒன்று உண்டு. அப்டேட். அது நின்றுபோனால் எரிச்சல் வராது, ஒன்றுமே தெரியாது. என் டேப்லெட்டுக்கு அப்டேட் வருவது நின்று நாளாகிறது. வங்கிச் செயலியை அப்போதே எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் ஓடுகிறது, ஒரு நாள் வரைக்கும் ஓடும். 2021 செப்டம்பர் 30ஆம் தேதி இணையத்தில் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் (தளம் நிஜமானதுதானா என்று கருவி சரிபார்க்க நம்பியிருப்பது) காலாவதியானது. மாற்றுச் சான்றிதழை அறியாத பழைய கருவிகள், முந்தைய நாள் வரை திறந்த தளங்களை மறுநாள் "பாதுகாப்பில்லை" என்று திருப்பி அனுப்பின. கருவிக்குள் ஒரு திருகுகூடக் கழலவில்லை, வெளியே உலகம் பூட்டை மாற்றிவிட்டது.

அப்டேட் எத்தனை வருடம் என்று பார்க்கும்போது, அந்தக் கணக்கு நாம் வாங்கிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். மாடல் வெளிவந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. 2018இன் சாதாரண ஐபேடுக்கு 2023இன் ஐபேட்ஓஎஸ் 17 வரை கிடைத்தது, 2024இன் 18 கிடைக்கவில்லை. அதே ஐபேடை 2020இல் யாராவது மலிவு என்று வாங்கியிருந்தால் இரண்டு வருடத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதனால் போன வருட மாடல் எனக்குச் சரி. மூன்று வருடப் பழைய மாடல் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

"கொஞ்சம் பொறு, அடுத்தது வரப்போகுது" என்று சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. 2012இல் இதுவும் நடந்தது. மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட், அக்டோபரிலேயே நான்காவது. சார்ஜ் போடும் வாய்கூட மாறிவிட்டது. மார்ச்சில் வாங்கியவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும், நியாயம்தான். ஆனால் அவர்கள் வாங்கியது அக்டோபரில் நின்றுவிடவில்லையே. புதியது என்பதாலேயே புதிய வசதி எல்லாம் வந்துவிடும் என்பதும் இல்லை. 2025இன் சாதாரண ஐபேடில் ஆப்பிளின் சொந்த ஏஐ வசதிகள் கிடையாது, அதற்கு முந்தைய வருடம் வந்த ஐபேட் மினியில் உண்டு. எனக்கு அது வேண்டாம் என்பதால் கவலையில்லை. வேண்டும் என்பவர்கள் பெட்டியில் உள்ள வருடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டேப்லெட் திரையில் எழுதும் பேனாவைப் பற்றிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீடியோவில் ஒருவர் அந்தப் பேனாவால் மரக்கிளை ஒன்றை வரைந்தார். அன்றிரவு நானும் வரையப்போவதாகவே முடிவு செய்துவிட்டேன். நான் கடைசியாக வரைந்தது பள்ளிக்கூடத்து உயிரியல் நோட்டில், தவளையின் இதயம். பேனாவில் இன்னொரு வம்பும் உண்டு. எல்லாப் பேனாவும் எல்லாவற்றோடும் சேராது. ஆப்பிளின் இரண்டாம் தலைமுறைப் பென்சில் 2024இல் வந்த, எம்4 சிப் உள்ள ஐபேட் ப்ரோவோடு வேலை செய்யாது, அதற்கு வேறு வாங்க வேண்டும். சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் பெட்டியிலேயே பேனா வருகிறது, அது ஒரு நிம்மதி. எதுவானாலும், வரைய ஆசை என்றால் முதலில் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி ஒரு மாதம் வரைந்து பார்ப்பதாக எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். நோட்டு இன்னும் வாங்கவில்லை.

கடைசியில் முடிவு செய்தது போன ஞாயிற்றுக்கிழமை. தம்பி வந்திருந்தான், அவனுடைய 8 ஜிபி டேப்லெட்டை வாங்கி என் 1,000 பக்கப் புத்தகத்தை அதில் போட்டேன். 612ஆம் பக்கம். பிரௌசருக்குப் போனேன், அகராதி பார்த்தேன், திரும்பினேன். 612. வேண்டுமென்றே மெயில், மேப், இரண்டு வீடியோ, கேமரா என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் திரும்பினேன். அதே 612, நான் பெரிதாக்கி வைத்திருந்த அதே வரி. அசந்துவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேறு எதையெல்லாமோ நோண்டினேன். படிப்பதில், வீடியோவில், பாட்டில் என் பழசுக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: 612 வரும்.

போன வருட மாடல், நடுத்தர விலை, 8 ஜிபி ராம், சாதாரணத் திரை. பேனா இல்லை, கீபோர்டு இல்லை. அடுத்த மாதம் வாங்குகிறேன். பழசில் கணக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு இணையத்தை அணைத்து, பாட்டு கேட்க வைத்துக்கொள்வேன். பேட்டரி உப்பாத வரைக்கும் இருக்கட்டும்.

"பெரிசா" வாங்கவில்லை என்று தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.