நித்தியகல்யாணி மருந்தும் அசிமா சாட்டர்ஜியும்: ஒரு திருத்தம்

இணையத்தில் ஒருவர், "புற்றுநோய் மருந்து வின்கிரிஸ்டினைக் கண்டுபிடித்த, இந்தியாவின் முதல் பெண் முனைவர் அசிமா சாட்டர்ஜி" என்று எழுதியிருக்கிறார். வேதியியலாளரான அவரைப் பற்றிய இந்த இரண்டு கூற்றுகளுமே தவறு.

அவர் நித்தியகல்யாணி வகைச் செடிகளின் ஆல்கலாய்டுகளை (செடிகளில் இயற்கையாக உள்ள நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள்களை) பல ஆண்டுகள் ஆராய்ந்தது உண்மை. ஆனால் அந்தச் செடியிலிருந்து முதலில் வந்த புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தது கனடாவில் நோபிள், பியர் குழு (1958). அதே செடியின் வின்கிரிஸ்டின் அதன்பின் அமெரிக்காவின் எலி லில்லி ஆய்வகத்தில் வந்தது.

'முதல்' என்பதும் அப்படித்தான். அசிமா 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. (அறிவியல் முனைவர் பட்டம்) பெற்றார், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். ஆனால் சென்னையில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931-லேயே அமெரிக்காவின் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி 1939-இல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி.

அசிமாவைப் புகழ இரவல் சாதனை எதற்கு? 1940-இல் கல்கத்தாவின் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி நடத்தினார். 1962 முதல் 1982 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 'கைரா' என்ற சிறப்புப் பேராசிரியர் பதவியில் இருந்தார். வலிப்புக்கான ஆயுஷ்-56 என்ற மருந்து அவர் ஆய்வில் உருவானது. அதில் சேர்வது சடாமாஞ்சில் என்ற மூலிகையும், நம் வயல் வரப்பில் நாலிலையோடு முளைக்கும் ஆரைக்கீரை இனமும்தான். இதை யாரும் பகிர்வதில்லை!