உயிர் காலேஜும் செத்த காலேஜும்

எங்கள் ஆயாவுக்கு மெட்ராஸ் என்றால் இரண்டே இடம்தான். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். காட்பாடியில் ரயில் ஏறி மெட்ராஸ் பார்த்துவிட்டு வந்த அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபோர் 1855இல் அங்கேயே விலங்குகளையும் வைக்க ஆரம்பித்தார். அப்புறம் அந்த மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் காட்டோடு காடாகச் சேர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன இடத்தில் இரண்டு காலேஜும் மறுபடி ஒன்றாகிவிட்டிருந்தன.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வேலூர் பக்கத்தில் இருக்கிற நம்ம அமிர்தி பூங்கா இல்லை, வண்டலூரும் இல்லை. வேறொரு நகரம், ஊருக்கு நடுவிலேயே பூங்கா. பெயரைச் சொன்னால் உங்க ஊர், எங்க ஊர் என்று சண்டை ஆகும், விஷயம் போய்விடும். வேலூர் வெயிலில் ஒரு மாதமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் புலி பார்க்கணும் என்றார்கள். அக்கா பையனையும் சேர்த்துக்கொண்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வாசலில் எல்லாம் ஜோர். நுழைவுக் கட்டணம் தனி, கேமராவுக்குத் தனி, வண்டி நிறுத்தத் தனி. வசூலிக்க மூன்று பேர் இருந்தார்கள். உள்ளே விலங்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று தேடியதில், மாலைக்குள் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன்.

ஆறு இருக்கும் தண்ணீர் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்கமாட்டார், கோயில் இருக்கும் சாமி இருக்காது என்று வேலூரைக் கேலி செய்வார்களே. ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார், கேலிதான் இன்னும் போகவில்லை. இந்தப் பூங்காவில் பலகை இருந்தது, விலங்கு இல்லை. கழுதைப்புலி என்று எழுதிய கூண்டில் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். நரிக்கூண்டில் நரி இருந்தது, பலகை வெளுத்துப் போய் வெறும் தகரம். புலி ‘பராமரிப்பில்’. நன்றாக இருந்தவை மயில்கள்தான். அதைப் பார்க்கவா டிக்கெட்? எங்கள் ஊரில் வேர்க்கடலைக் கொல்லையில் காலையும் மாலையும் மயிலை விரட்டுவதே ஒரு வேலை.

கரடியிடம்தான் நின்றுவிட்டோம். கம்பி ஓரமாக நடந்துகொண்டே இருந்தது. ஏழு அடி, தலையை ஒரு சுழற்று, திரும்பி ஏழு அடி. என் மகள்தான் எண்ணிச் சொன்னாள். அது நடந்து நடந்து தரையில் ஒரு வாய்க்கால் மாதிரி தேய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியில் பாசி, பாசி மேல் ஒரு டீ கப். “அப்பா, அது எங்க போகுது?” என்றாள். என்ன சொல்வது? சுற்றியிருந்தவர்கள் ‘டான்ஸ் ஆடுது’ என்று வீடியோ எடுத்தார்கள். அடைபட்ட விலங்கு அப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பும் மன அழுத்தமும் முற்றியதற்கான அடையாளம். நம் ஜவ்வாது மலைக் கரடி ராத்திரி முழுக்க அலைந்து, புற்றைத் தோண்டி, கரையானை உறிஞ்சித் தின்கிற ஜீவன். அப்படி உறிஞ்ச வசதியாக அதற்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. பலகையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அங்கே நின்ற பத்துப் பிள்ளைகளாவது வாயைப் பிளந்திருக்கும். வெறும் சிமெண்ட் தரையும் கொஞ்சம் மண்ணும் வைத்துவிட்டு அதை ஆடுகிறது என்கிறோம்.

அந்த ஒரே ஆள் ஒரு பெரியவர், ரப்பர் செருப்பு, கையில் வாளி. “தொட்டிய கழுவக் கூடாதா ஐயா?” என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “பதினோரு கூண்டு சார் எனக்கு. மோட்டார் ரிப்பேர். எழுதிக் குடுத்தாச்சு” என்றார். கரடியைப் பார்த்து ஏதோ சொன்னார். அது நடையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் வந்தது. அன்றைக்கு அது நின்றது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

நம் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது. குரங்குக் கூண்டில் ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்டையே வீசினார். கேட்டதற்கு, “பாவம் சார், பசிக்குது அதுக்கு” என்றார். விலங்கைச் சீண்டுவதும் தின்பண்டம் கொடுப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், 38ஜே என்று பிரிவே இருக்கிறது. தடுக்க ஆள்? வாசலில் வண்டிக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

பணம் இல்லை என்பார்கள். சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எதற்கு இத்தனை விலங்கு? எட்டாம் வகுப்பில் எங்களை அமிர்திக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன இடம்தான், மான்தான் அதிகம். யாரும் ஏமாறவில்லை. சிங்கம் புலி இருந்தால்தான் மிருகக்காட்சிசாலை என்று யார் சொன்னது? 1992இலிருந்து மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இருக்கிறது, அதன் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. மிருகக்காட்சிசாலைகளில் யானையே வேண்டாம், முகாம்களுக்கு அனுப்புங்கள் என்று 2009இல் சொன்னதும் அதே ஆணையம்தான். யானைக்குச் சொல்ல முடிந்ததை, பார்த்துக்கொள்ள முடியாத ஊரில் இருக்கிற கரடிக்கும் சொல்லலாம். வைத்துக்கொள்ள வக்கில்லை என்றால், வைத்துக்கொள்ளத் தெரிந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பதை ஒழுங்காகப் பாருங்கள். நான்கு மான், ஒரு குளம், நிழல், படிக்க முடிகிற பலகை. அதற்கு நான் டிக்கெட் வாங்குவேன்.

கிளம்பும்போது புகார்ப் புத்தகம் கேட்டேன். மேஜைக்கு அடியில் இருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். பேனா இல்லை. மகளின் கலர் பென்சிலில் கரடித் தொட்டியைப் பற்றி எழுதினேன், பச்சை நிறத்தில். எனக்கு முன்னால் எழுதியவர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தார். கீழே சிவப்பு மையில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு கையெழுத்து, தேதி இல்லை.

அன்றைக்கும் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை.