பால்மா டின்னில் கிடக்கிற குளிசைகள்

போன கிழமை ஒரு அம்மம்மா, ஐந்து மாதத்துக்கு முந்தி மிஞ்சின அமொக்ஸிசிலின் பாணியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்ததும் பிறகு நடந்ததும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே சமாதானம்: "அம்மம்மா பாவம், பாசத்திலதானே குடுத்தவ." பாசத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஐந்து மாதமாக ஃபிரிஜ் கதவில் அந்தப் போத்தல் ஏன் நின்றது என்றுதான் கேட்கிறேன்.

அமொக்ஸிசிலின் என்பது கிருமித் தொற்றுக்குக் கொடுக்கிற மருந்து. அந்தப் பாணி, தூளாக இருக்கும்வரைதான் பெட்டியில் அடித்த திகதிக்கு மதிப்பு. தண்ணீர் விட்டுக் குலுக்கியதும் மருந்து சிதையத் தொடங்கும். பிறகு அதற்கு ஆயுள் 7 நாள். ஃபிரிஜில் வைத்தால் 14 நாள் என்று சில லேபிளில் இருக்கும். நிறமும் மணமும் அப்படியே இருக்க, வீரியம் மட்டும் போய்விடும். 5 மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பிள்ளையின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. ஐந்து மாதத்தில் நிறையும் மாறிவிடும், வருத்தமும் வேறாக இருக்கும். மிச்சப் பாணியை எறிந்துவிடுங்கள்.

"2022 இல மருந்துக்கு நாயாய் அலைஞ்ச சனம் நாங்க, எறியச் சொல்றீங்களா?" என்று கேட்கிறீர்கள். உண்மை, இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் மருந்து கிடைக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் பயத்தில் சேர்த்து வைத்தது நெருக்கடி நேரத்தில் வேலை செய்யாது. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையை எடுங்கள். அதன் மருந்து காற்றில் பறக்கும், பிளாஸ்டிக்கிலும் ஊறிப் போகும். அதனால்தான் கறுத்தக் கண்ணாடிக் குப்பி. திறந்தால் 8 கிழமை. அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு சேர்ட் பொக்கெற்றில் ஒரு வருசம் கொண்டு திரிகிறவர்கள் எத்தனை பேர்! நோ வருகிற இரவில் அந்தக் குளிசை வெறும் மாவு. கண்ணுக்கு விடுகிற மருந்தும் திறந்தால் பெரும்பாலும் 28 நாள்தான்.

"திகதி முடிஞ்சாலும் பழுதாகாது, அமெரிக்காவில சோதிச்சிருக்காங்க" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1986 இலிருந்து அவர்கள் சோதித்தது, சீல் உடைக்காமல் வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய களஞ்சியத்தில் வைத்த மருந்து. நம்முடையது அடுப்படி அலுமாரியில், பால்மா டின்னில் கிடக்கிறது. ஈரம் பட்ட அஸ்பிரின் டின்னைத் திறந்து மணந்து பாருங்கள், வினாகிரி மணக்கும். அதுவும் ஆஸ்பத்திரியில் எண்ணிப் போட்டுத் தருகிற கடதாசி உறையில் திகதியே இல்லை. குளிசை ஒட்டிவருகிற கார்ட்டை வெட்டி விற்கிற பாமசியிலும் திகதி பெரும்பாலும் மற்றத் துண்டோடு போய்விடும்.

எனக்கு ஆகப் பயம் சீனி வருத்தக்காரரின் டின். கிளினிக்கில் மருந்தை மாற்றியிருப்பார்கள், பழையது உள்ளேயே கிடக்கும். அல்லது அதே மருந்து வேறு கொம்பனி, வேறு நிறம். இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் நடுச்சாமத்தில் சீனி இறங்கி, வேர்த்து, நடுங்கி, கதை குழறும். "அப்பா அசதியில படுக்கிறார்" என்று வீடு விட்டுவிடும். கிளினிக் கொப்பியில் இன்றைக்கு இருக்கிற பேரைத் தவிர மற்றதெல்லாம் டின்னை விட்டு வெளியே போகட்டும்.

எறிகிற விதமும் முக்கியம். குளிசைகளைக் கார்ட்டிலிருந்து பிரித்து, ஈரத் தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஊசி கனமான பிளாஸ்டிக் போத்தலுக்குள். கக்கூசுக்குள் ஊற்ற வேண்டாம். நம் கிழக்குக் கரையில் காத்தான்குடி, கல்முனைப் பக்கமெல்லாம் மணல் தரை, சில அடியில் தண்ணீர். குழியில் ஊற்றுவது கிணற்றுக்கும் வரும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று வாவிக்குள் எறியவும் வேண்டாம். எரிக்கவும் வேண்டாம்.

"உங்களுக்கு மனசே இல்லையா, அது செத்த மனிசன்ட மருந்து" என்று உள்பெட்டியில் எழுதிய தங்கச்சிக்கு மட்டும்: அது எனக்கு வலித்தது. உங்கள் வாப்பா கடைசி மாதம் தொட்ட குளிசைகள் என்பது விளங்குகிறது. ஆனால் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை எல்லாத்திலும் ஏறித் திரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரஷர் குளிசை அந்தக் கைக்கு மிட்டாய் மாதிரித்தான் தெரியும். உறையில் "காலை 1, இரவு 1" என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கடதாசியை வைத்திருங்கள் தங்கச்சி. உள்ளே இருக்கிறதை இண்டைக்கே தேயிலைச் சக்கையில் கொட்டிவிடுங்கள்.