இரைச்சலுக்குள் மூன்று குரல்கள்

நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த மூன்று பெண்களின் ராக் குழுவான விவியன் கேர்ள்ஸ் 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வாசிக்கத் தெரியாதவர்கள் ரிவெர்பை, அதாவது ஒலியை எதிரொலிபோலப் பரவவிடும் விளைவை, கூட்டி ஒப்பேற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. (ஆண்கள் குழுக்கள் இதே கரடுமுரடான ஒலியோடு வந்தபோது அதைத் துணிச்சல் என்று கொண்டாடியவர்களும் இங்கே திறமைக்குறைவைக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக்கதை.)

பத்துப் பாடல்கள் கொண்ட இந்த ஆல்பம் அரை மணி நேரம் ஆவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கேசி ரமோனின் கிட்டார் ஓயாமல் இரைகிறது. அதன் அடியில் கேட்டி குட்மனின் பாஸும் ஃபிராங்கி ரோஸின் டிரம்ஸும் வேகம் குறையாமல் ஓடுகின்றன. முதல்முறை கேட்கும்போது குரல்கள் வார்த்தைகளாகப் பிரியாமல் புகையைப் போல மிதப்பது உண்மைதான். ஆனால், 'வேர் டூ யூ ரன் டூ' பாடலைச் சற்றுக் கவனித்துக் கேட்டால், ஒரு குரலின் மேல் இன்னொரு குரல் ஏறிக்கொள்ளும் அந்த ஹார்மனி 1960களின் அமெரிக்கப் பெண்பாடகர் குழுக்களிடமிருந்து நேராக வந்தது என்பது விளங்கும். இனிமையான மெட்டு ஒன்றை இரைச்சலுக்குள் அமிழ்த்தி, கேட்பவரே அதைத் தேடி எடுக்கும்படி விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் இசையமைப்பு. 'நோ' பாடல் அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு வரியே இல்லாமல் ஓடுகிறது. அது நகைச்சுவையாகவும் இருக்கிறது, பிடிவாதமாகவும் இருக்கிறது.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பாடல்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் கலந்துவிடுகின்றன. லோ-ஃபை, அதாவது வேண்டுமென்றே மெருகேற்றாத ஒலிப்பதிவு, என்பதாலேயே எதையும் மன்னித்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் வெறும் 500 இசைத்தட்டுகளாக வந்து விற்றுத் தீர்ந்த இந்த ஆல்பத்தை, அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் இன் த ரெட் நிறுவனம் மறுபடி வெளியிட்டது. அதற்குள் ஃபிராங்கி ரோஸ் விலகி, அலி கோலர் டிரம்ஸுக்கு வந்திருந்தார். 2011இல் வந்த 'ஷேர் த ஜாய்' ஆல்பத்தில் புகை விலகிக் குரல்கள் தெளிவாகவே கேட்கின்றன. அங்கேயும் அதே ஹார்மனிதான் பாடல்களைத் தாங்கி நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள், எதை மறைப்பதற்காக அந்த ரிவெர்ப் என்று.