ஆர்தர் பெல் நிக்கோல்ஸ் 1860-களில் இறக்கவில்லை

எழுத்தாளர் சார்லட் பிராண்டேயின் கணவர் ஆர்தர் பெல் நிக்கோல்ஸின் பெயர் 1871 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லை என்பதால் அவர் அதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். இது தவறான முடிவு.

மாமனார் பேட்ரிக் பிராண்டே 1861 ஜூனில் காலமாகும்வரை இங்கிலாந்தின் ஹவொர்த் ஊரில் உடனிருந்து பார்த்துக்கொண்ட நிக்கோல்ஸ், மாமனார் வகித்த தேவாலயப் பதவி தமக்குத் தரப்படாததால், தாம் வளர்ந்த அயர்லாந்தின் பனஹர் ஊருக்குத் திரும்பி, தேவாலயப் பணியை விட்டு விவசாயம் பார்த்தார். 1864 ஆகஸ்டில், தம்மை வளர்த்த தாய்மாமனின் மகள் மேரி ஆனா பெல்லை மணந்தார். 1906 டிசம்பரில், 87 வயதில் இறந்தார். முதல் மனைவி சார்லட்டை இழந்த பின் அவர் வாழ்ந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல்; அதைத் துடைத்துவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

அயர்லாந்துக் கணக்கெடுப்பிலும் தேடியதாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு 1861, 1871 ஆண்டுகளின் வீட்டுப் படிவங்கள் எடுக்கப்பட்ட சில காலத்திலேயே அழிக்கப்பட்டன. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. முழுமையாக எஞ்சியவற்றுள் பழையது 1901-க்குரியது. ஆகவே இடைப்பட்ட பதிவுகளில் ஒருவர் பெயர் இல்லாதது அவரது மரணத்துக்குச் சான்றாகாது. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலும், பிறப்பும் இறப்பும் 1864 முதலும் அரசுப் பதிவேட்டில் உள்ளன. தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடும்ப உடைமைகளும் இதையே சொல்கின்றன. சார்லட்டின் சகோதரர் பிரான்வெல் வரைந்த, பிராண்டே சகோதரிகள் மூவரின் ஓவியம், 1914-இல் நிக்கோல்ஸின் விதவை வாழ்ந்த வீட்டில், அலமாரியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்த நிலையில் கிடைத்தது. இப்போது லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.